பாட்டைக் கேட்டோம், கேள்வியைக் கேட்டோமா?

'கேள்' என்பது தமிழில் இரு முகம் கொண்ட சொல். செவியால் ஏற்பதும் கேட்டல்தான்; வாய் திறந்து வினவுவதும் கேட்டல்தான். பாட்டையும் கேட்கிறோம், நியாயத்தையும் கேட்கிறோம். முன்னதற்குக் காது போதும். பின்னதற்கு நெஞ்சுரம் வேண்டும். முன்னது இன்பம் தரும். பின்னது பகையைத் தேடித் தரும். ஆயினும், உலகில் உரிமை பெற்றோர் அனைவரும் பின்னதைச் செய்தே பெற்றனர்.

இளைஞர் கையில் இன்று கைப்பேசி இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உலையருகே வெந்து வீடு திரும்பும் தொழிலாளியிடம் இருக்கிறது. பொன்னேரி அரசு கல்லூரிக்குப் புறநகர் இரயில் ஏறும் மாணவியிடம் இருக்கிறது. பழவேற்காட்டில் படகு தள்ளும் மீனவ இளைஞனிடம் இருக்கிறது. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நாட்டு நடப்பில் நாட்டமில்லை" என்று பெருமூச்சு விடும் பெரியவர்களின் கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. வகுப்பறையில் நாள்தோறும் அவர்கள் முகம் காணும் ஆசிரியர் நாம். நாட்டம் உண்டு, நிரம்ப உண்டு. அந்த நாட்டம் கேட்டலின் எந்த முகத்தைப் பற்றி நிற்கிறது? இதுவே நம் வினா. இதனை எடைபோட, நம் வட்டாரத்தைப் பாடிய ஒரு பாட்டையே எடுத்துக்கொள்வோம்.

2017 ஆம் ஆண்டு சனவரித் திங்களில், பொங்கலையொட்டி, 'சென்னை புறம்போக்கு பாடல்' யூடியூபில் வெளிவந்தது. எழுதியவர் கபேர் வாசுகி, இசையமைத்தவர் ஆர். கே. ஸ்ரீராம்குமார், பாடியவர், முந்திய ஆண்டுதான் மகசேசே விருது பெற்றிருந்த டி. எம். கிருஷ்ணா. அரங்கம் எது தெரியுமா? குளிரூட்டிய சபா மண்டபம் அன்று. கொசத்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழி! அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளும் சாம்பல் படிந்த நீரும் நிலக்கரியும் சூழ்ந்த இடம். அங்கே நின்று, ஆனந்தபைரவி முதலான இராகங்களைக் கோத்து, சென்னை நகரத்து எளிய மக்களின் பேச்சுத் தமிழைப் பாடினார் அவர்.

இப்பாட்டின் முதற்சிறப்பு இதுவே. 'இறைவனைத் துதிப்பதற்கே இசை. அதற்கென்று ஒரு மொழி. அதனைக் கேட்பதற்கென்று ஒரு கூட்டம்' என்று நெடுங்காலம் வேலியிட்டு வைத்திருந்த இசைக்குள், மீனவக் குப்பத்தின் மொழி நுழைந்து அமர்ந்தது. பூசையறையிலிருந்த இசை புகைபோக்கியின் அடியில் வந்து நின்றது. வரவேற்கிறோம், மனமாரப் பாராட்டுகிறோம்.

இரண்டாவது சிறப்பு, ஒரு சொல்லை மீட்டது. 'புறம்போக்கு' என்பது வருவாய்த் துறையின் ஏட்டுச் சொல். பட்டா ஒருவருடையது, புறம்போக்கு ஊருடையது. ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், ஆற்றங்கரை, கடற்கரை ஆகியன யாவும் அதில் அடங்கும். ஒருவருக்கும் தனியுடைமை ஆகாதது என்பதாலேயே, வரி வாங்கும் கண்ணுக்கு அது பயனற்றதாகப் பட்டது. நாளடைவில், உதவாக்கரையைத் திட்டுவதற்கு அச்சொல் பயன்பட்டது. பொதுவானதைத் திட்டுச் சொல்லாக்கிய சமுதாயம், பொதுநிலத்தைக் குப்பை மேடாக்கியதில் வியப்பென்ன? 2015 திசம்பரில் வெள்ளம் நகருக்குள் புகுந்தபோதுதான், நீர் போகும் வழியை அடைத்தவர் யார் என்ற கேள்வி பலருக்கு எழுந்தது. அக்கேள்விக்குப் பாட்டு உருவம் தந்தது. திட்டுச் சொல்லை எடுத்துத் துடைத்து, அதன் பழம்பொருளைக் காட்டியது.

இனி, குறைக்கு வருவோம். புகழ்ந்துவிட்டுப் போவதற்குத் திறனாய்வு எதற்கு?

புறம்போக்கு என்பது பொது என்கிறோம். எவருக்குப் பொது? ஊர்ப் பொதுக்குளத்தில் சேரி மக்கள் குடம் நனைக்க முடிந்ததா? ஊர்ப் பொதுத்தெருவில் அவர்கள் நடக்க முடிந்ததா? வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்கே 1924 இல் போராட வேண்டியிருந்தது. பெரியார் அங்கே சிறை புக வேண்டியிருந்தது. மகத் நகரின் பொதுக்குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகுவதற்கே 1927 இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரைத் திரட்ட வேண்டியிருந்தது. தொலைவில் போவானேன்? நம் பழவேற்காட்டு ஏரியில் முறை வைத்து வலையிடும் 'பாடு' என்றொரு பழைய ஏற்பாடு உண்டு. பகுத்துண்ணும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர் புகழ்வர். அந்தப் பங்கீட்டில் மரபு மீனவச் சமூகத்தாருக்கு இடம் உண்டு. கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளருக்கு இடம் இல்லை. பொது என்ற பெயரில் இருந்ததெல்லாம் பொதுவாக இருந்ததில்லை, தோழர்களே! கேள்வி கேட்டவர்கள் வந்து நின்ற பிறகே அது பொதுவாயிற்று.

இழந்துவிட்ட பொதுமையை எண்ணி ஏங்க வைக்கிறது பாட்டு. ஏக்கம் இனியது; ஆனால் ஏக்கம் பின்னோக்கிப் பார்க்கும். பொதுமையோ நமக்குப் பின்னால் இருந்துவிட்டுப் போன பொருள் அன்று. இனிமேல் நாம் ஆக்க வேண்டிய பொருள். இந்த வேறுபாட்டைப் பாட்டு உணர்த்தவில்லை என்பதே நம் மதிப்பீடு.

மற்றொன்றும் உண்டு. புறம்போக்கின் பெருமையைப் பாடிய இப்பாட்டு எந்த நிலத்தில் நின்று ஒலித்தது? யூடியூபில். அது கூகுள் நிறுவனத்தின் உடைமை. முகநூல், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் மெட்டா என்னும் ஒரே நிறுவனத்தின் உடைமை. கட்டணமின்றி நுழைய விடுவதால் அவற்றை ஊர்ப் பொதுத்திடல் என்று எண்ணி மயங்குகிறோம். அவை புறம்போக்கு அல்ல. அசல் பட்டா நிலம்! எந்தக் குரலை முன்னே நிறுத்துவது, எந்தக் குரலைப் பின்னே தள்ளுவது என்பதை உரிமையாளரின் கணக்கு முடிவு செய்கிறது. நம் கண் எவ்வளவு நேரம் திரையில் நிற்கிறதோ, அவ்வளவுக்கு அவர்களுக்கு விளம்பர வருவாய். சினமும் அச்சமும் கண்ணை நிறுத்தி வைக்கும் என்றால், சினமும் அச்சமும் முன்வரிசைக்கு வரும். அங்கே நின்று கூவி அழைக்கலாம், குடியிருக்க முடியாது.

பாட்டு வெளிவந்த அதே வாரத்தில் நடந்தது மெரினா எழுச்சி. 2014 இல் உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டுக்கு விதித்த தடையை எதிர்த்து, 2017 சனவரி 17 முதல் 23 வரை இளைஞர்கள் கடற்கரையில் இரவு பகல் அமர்ந்தனர். அழைப்பு முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பரவியது; கூடியதோ மணலில். காளை விளையாட்டைப் பற்றிப் பகுத்தறிவாளரிடையே இருவேறு கருத்து இருக்கலாம். நடந்த முறையைப் பாருங்கள். 21 ஆம் நாள் அவசரச் சட்டம் வந்தது. 23 ஆம் நாள் சட்டமன்றம் சட்டமே இயற்றியது. அன்று காலையே காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. 2023 மே திங்களில் உச்சநீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. கைப்பேசி அழைத்தது, கால்கள் நடந்தன, ஆட்சி இறங்கி வந்தது.

அந்த மணலிலிருந்து வடக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது எண்ணூர்க் கழி. புறம்போக்குப் பாட்டைக் கேட்டுக் கண்கலங்கிய கூட்டம் அங்கே போய் அமர்ந்ததா? அமரவில்லை. காளைக்குக் கிடைத்த கால்கள் கழிக்குக் கிடைக்கவில்லை.

பாட்டால் ஒன்றும் ஆகாது என்கிறோமா? இல்லை. கொடைக்கானலைப் பாருங்கள். அங்கே இந்துஸ்தான் லீவரின் வெப்பமானி ஆலை பாதரசக் கழிவால் 2001 இல் மூடப்பட்டது. 2015 இல் சோபியா அஷ்ரப் என்னும் இளம் பாடகி அந்த அநீதியைச் சொல்லிசையாகப் பாட, உலகெங்கும் பல இலட்சம் பேர் பார்த்தனர். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடும் அவர்தம் குடும்பத்தாரோடும் உடன்பாடு கண்டது. பாட்டின் வெற்றிதான்! ஆனால், பாட்டுக்கு முன்னே பதினான்கு ஆண்டுகள் அத்தொழிலாளர் சங்கமாகத் திரண்டு, மருத்துவச் சான்றுகளைச் சேர்த்து, உயர்நீதிமன்றத்தில் வழக்காடி நின்றனர். வெடி இருந்தது, பாட்டு திரியைக் கொளுத்தியது. வெடியே இல்லாத இடத்தில் எத்தனை தீக்குச்சி கிழித்து என்ன பயன்?

இப்போது நம் வட்டாரத்தின் பெருங்கேள்வி காட்டுப்பள்ளி. பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில் அமைந்த துறைமுகம் அது. 2018 இல் அதானி நிறுவனத்தின் கைக்கு வந்தது. 330 ஏக்கரில் உள்ளதை ஏறத்தாழ 6,110 ஏக்கராக விரிக்கத் திட்டம் தீட்டப்பட்டது. அதில் 2,000 ஏக்கரளவு கடலையே மேடாக்கிப் பெறுவதாம்! ஆண்டுக்கு 32 கோடி டன் சரக்கைக் கையாள்வதாம்! 'பழவேற்காட்டைக் காப்போம்' என்ற முழக்கம் இளைஞர் கைப்பேசிகளில் பறந்தது. மீனவச் சிற்றூர்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. 2021 சனவரி 22 இல் நடக்கவிருந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம், பெருந்தொற்றைக் காரணம் காட்டித் தள்ளி வைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5 என்று மறுபடி நாள் குறித்தனர். அதுவும் தள்ளி வைக்கப்பட்டது.

கருத்துக் கேட்பு என்றால் என்ன? 2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை அதன் விதிகளைச் சொல்கிறது. குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் மக்கள் மொழியில் இருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய உயர்நிலைப் பேராளரோ தலைமை தாங்க வேண்டும். பேசுவது பதிவாக வேண்டும். பதிவானதை மக்கள் மொழியில் அங்கேயே படித்துக் காட்ட வேண்டும். எழுத்தாலும் மறுப்புத் தரலாம். இவற்றினிடையே ஒரு விதி இருக்கிறது: இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கட்டாயம் இல்லை. திரையில் பத்து இலட்சம் பேர் பார்த்திருக்கலாம். பந்தலில் பத்துப் பேர் இருந்தாலும் கூட்டம் முறைப்படி நடந்ததாகவே ஏட்டில் ஏறும். அந்த ஏட்டில் விருப்பக்குறிகள் ஏறா. எழுந்து பேசியவரின் சொல்லும் எழுதித் தந்தவரின் மறுப்புமே ஏறும்.

இதனை உணர்ந்து இளைஞர் நடந்ததும் உண்டு. 2020 இல் அந்த அறிவிக்கையையே மாற்ற ஒன்றிய அரசு வரைவு வெளியிட்டது. 30 நாளை 20 நாளாகக் குறைப்பதும் அதில் ஒன்று. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரைவைத் தந்துவிட்டுக் கருத்துக் கேட்பது முறையா என்ற வழக்கில், பட்டியல் மொழிகள் அனைத்திலும் பெயர்க்குமாறு தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. இளைஞர்கள் ஊரடங்கில் முடங்கிய நிலையிலும் வரைவைப் படித்தனர், பிறர்க்கு விளக்கினர், பல இலட்சம் மறுப்புகள் அமைச்சகத்திற்குச் சென்றன. அந்த வரைவு அவ்வடிவில் இறுதி அறிவிக்கையாக வெளிவரவில்லை. அதே கைப்பேசிதான்! ஆனால் அங்கே அது பாட்டுப் பெட்டியாக அல்ல, மனு எழுதும் எழுதுகோலாகப் பயன்பட்டது.

அதே கைப்பேசி வேறொன்றும் செய்தது. 2018 மே திங்கள். ஊர், நம் பழவேற்காடு. 'பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர்' என்று வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி, அடையாளம் தெரியாத ஓர் ஏழையை ஊரே கூடி அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டது. அதே நாட்களில் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக ஒரு மூதாட்டி கொல்லப்பட்டார். பின்னர், நாடெங்கும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்த பிறகு, ஒரு செய்தியை ஐந்து இடங்களுக்கு மேல் ஒருசேர அனுப்ப முடியாதபடி நிறுவனம் வரம்பு கட்டியது. கொலைக்கு முன்னால் எவரேனும், "இச்செய்தியை யார் சொன்னது? எந்த ஊரில் எந்தப் பிள்ளையைக் காணோம்?" என்று கேட்டனரா? பேய்க் கதையைக் கேள்வியின்றி நம்பிய பாட்டனைப் பார்த்துச் சிரித்த பேரன், கைப்பேசிக் கதையைக் கேள்வியின்றி நம்பினான். பூசாரி போய்விட்டான், நம்புகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

2023 தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் கொல்லப்படுகின்றனர் என்று பொய்ப்படங்கள் பரவின. பீகார் அரசு குழு அனுப்பி உண்மை அறிய வேண்டியதாயிற்று. கும்மிடிப்பூண்டி உலைகளில் நம் இளைஞரோடு தோள் சேர்த்து உழைப்பவர் யார்? பீகாரும் ஒடிசாவும் சார்கண்டும் விட்டு வந்த ஏழைகள். ஒரே புகையை மூச்சில் இழுக்கும் இரு தொழிலாளரிடையே பகை மூட்ட, தொலைவிலிருந்து ஒரு விரல் போதுமாக இருந்தது.

ஆட்சியாளரும் இக்கருவியின் ஆற்றலை அறிவர். இணையத்தில் எழுதியதற்காகவே சிறையிலிடப் பயன்பட்ட 66-அ பிரிவை 2015 மார்ச்சில் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. ஆயினும், தூத்துக்குடியில் 2018 மே திங்களில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் வீழ்ந்தபோது, மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில், உழவர் போராட்டத்திற்கு ஆதரவான இணைய ஆவணத்திற்காகத் திஷா ரவி என்னும் பெங்களூர் இளம்பெண் கைது செய்யப்பட்டுப் பத்து நாள் கழித்துப் பிணையில் வந்தார். நேபாளத்தில் 2025 செப்டம்பரில் 26 சமூக வலைத்தளங்களைத் தடை செய்தனர், இளைஞர் வீதிக்கு வந்தனர், குண்டுகள் பாய்ந்தன, மறுநாளே தலைமை அமைச்சர் பதவி துறந்தார். இலங்கையில் 2022 இல் காலிமுகத்திடலில் கூடியோர் அதிபரையே நாட்டைவிட்டு ஓடச் செய்தனர்.

கவிழ்ப்பது கடினமன்று என்பதை இவை காட்டின. கவிழ்த்த பின்? எகிப்து நாட்டு இளைஞர் 2011 இல் முகநூலில் அழைத்து, கெய்ரோவின் தகிரீர் திடலில் கூடி, முப்பதாண்டு ஆண்ட முபாரக்கை இறக்கினர். ஆனால் தேர்தல் வந்தபோது ஊர்தோறும் கிளை வைத்திருந்தவர், மதத்தின் பெயரால் இயங்கிய கட்சியினர். அவர்கள் வென்றனர். 2013 இல் படையினர் அவர்களை இறக்கித் தாமே அமர்ந்தனர். அழைப்பு விடுத்த இளைஞர்க்குக் கிடைத்தது சிறை. அமைப்பில்லாத ஆர்வம் அடுத்தவன் ஏறும் ஏணியாகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஒரு காலத்தில் ஊர்தோறும் படிப்பகம் இருந்தது. ஓர் ஏடு வரும், ஒருவர் உரக்கப் படிப்பார், பதின்மர் கேட்பர். படித்து முடித்ததும், "அதெப்படி?" என்று ஒருவர் குறுக்கிடுவார். மறுமொழி சொல்ல வேண்டும். தவறினால் அடுத்த நாளும் அதே முகத்தை அதே திண்ணையில் பார்க்க வேண்டும். கேட்டலின் இரு முகமும் அங்கே ஒன்றாயிருந்தன. இன்று பத்துப் பேரிடம் பத்துத் திரைகள். ஒவ்வொருவரும் தனியே கேட்டுத் தனியே கொதித்துத் தனியே உறங்குகின்றனர். குறுக்கிட ஆள் இல்லை. பெயரில்லாதவன் வைகிறான், முகமில்லாதவன் முழங்குகிறான். பெண் ஒருத்தி கருத்துச் சொன்னால் கருத்தை விட்டுவிட்டு அவள் ஒழுக்கத்தை ஆராய்கிறார்கள். பழைய ஊர்ப் பஞ்சாயத்தின் இழிகுணம் புதிய திரையில் ஏறி அமர்ந்திருக்கிறது.

கைப்பேசியைக் கடலில் எறியச் சொல்லவில்லை நாம். அழைப்பதற்கு அதைவிட வேகமான முரசு இல்லை. முரசு கொட்டிய பின் கூடுவது எங்கே என்பதைத்தான் முடிவு செய்யச் சொல்கிறோம். நம் ஊராட்சியில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஆலைக்கழிவு ஓடையில் கலக்கிறதா? தீர்மானமாக எழுது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ன ஆய்வு செய்தது என்று அறிய வேண்டுமா? தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் மறுமொழி. துறைமுகக் கருத்துக் கேட்புக்கு மறுபடி நாள் குறிக்கிறார்களா? சுருக்க அறிக்கையை முன்கூட்டிப் படி. படிக்கத் தெரியாத மீனவத் தாய்க்குப் படித்துக் காட்டு. அவளோடு போய் நில். அவள் பேசியது ஏட்டில் ஏறியதா என்று பார். வடநாட்டுத் தொழிலாளிக்கு அவன் மொழியில் சொல்ல உன் கைப்பேசி பெயர்த்துத் தருமே, அதையும் செய். வதந்தி வந்தால், "யார் சொன்னது?" என்ற இரண்டு சொல்லை எழுதிக் கேட்ட பிறகே விரலை அசை.

இவை சிறு வேலைகள். பாராட்டுக் குறி விழாது, படம் பரவாது, எவரும் பாட்டெழுத மாட்டார். ஆயினும் புறம்போக்கு பொதுவாவது இவ்வழியில்தான். பாட்டை நாம் பலமுறை கேட்டாயிற்று. காட்டுப்பள்ளிப் பந்தலில் அடுத்த முறை ஒலிபெருக்கியை ஏந்தி, "பெயர் என்ன? ஊர் எது?" என்று அதிகாரி வினவும்போது, எழுந்து நின்று மறுமொழி கூறிக் கேள்வியைத் தொடுக்கும் இளைஞர் எத்தனை பேர்?